வீட்டுத் தோட்டத்திற்கேற்ற அழகுப் புல்வகைகள்

புல் என்ற சொல்லைக் கேட்டவுடன் குடியானவரின் கை களைக்கொத்தைத் தேடுவது இயல்பு. நெல் வயலிலும் கரும்புக் கொல்லையிலும் புல்லோடு போராடியே அவர் காலம் கழிகின்றது. ஆயினும் நெல்லும் கரும்பும், சோளமும் கேழ்வரகும், மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவையே என்பதை மறத்தலாகாது. மனிதனுக்குச் சோறிடுவதும் மாட்டுக்குத் தீனியிடுவதும் மண்ணைக் காப்பதும் இந்த ஓர் இனமே. ஆதலின் புல்லை முற்றும் பகையெனக் கொள்ளாமல், எந்தப் புல் எவ்விடத்திற்கு ஏற்றது என்பதை ஆராய்ந்து, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் தக்கவற்றை நட்டு வளர்ப்பது அழகுக்கு அழகும் உபயோகத்திற்கு உபயோகமும் ஆகும். அவ்வாறு தேர்ந்தெடுக்கும் முறையும் வளர்க்கும் முறையும், விலக்கத்தக்க வகைகளும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

வீட்டைச் சுற்றிய நிலத்தின் நிலைமை

வயலுக்கு வரப்புக் கட்டிக் காக்கும் மிராசுதார்களிற் பலர் தம் வீட்டுப் புழக்கடையை வெற்று மண்ணாகவே விட்டுவிடுகின்றனர். இதனால் விளையும் நஷ்டம் கண்ணுக்கு உடனே புலப்படுவதில்லை. 10 சென்டு பரப்புள்ள ஒரு மனையை எடுத்துக் கொள்ளலாம். அதன் பரப்பு 4,356 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அம்மனையின் மேல் விழும் நீர் 363 கன அடி, அதாவது 10,000 லிட்டருக்கும் சற்று அதிகம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரே இரவில் மூன்று நான்கு அங்குலம் பெய்வது அபூர்வமன்று. கூரையிலிருந்து வழியும் நீரும் வெற்று மண்ணின் மேல் ஓடும் நீரும் சேர்ந்து, பல ஆண்டுகளாகக் குப்பையும் சாம்பலும் சாணமும் விழுந்து வளம்பெற்ற மேல்மண்ணை வாரிக்கொண்டு தெருவிலும் வாய்க்காலிலும் சேர்க்கின்றன. சுவரடி அரிக்கப்படுகின்றது, கிணற்றோரம் சரிகின்றது, வாய்க்கால் தூர்ந்து போகின்றது. கோடையிலோ அதே இடம் புழுதி பறக்கும் பொட்டலாகி, வெயிலை வீட்டின்மேல் வீசுகின்றது.

இவ்விரு கேடுகளையும் குறைந்த செலவில் தடுக்க வல்லது புல்லே. மரம் வளர ஆண்டுகள் பல வேண்டும். பூஞ்செடிகளுக்கு நாள்தோறும் நீர் வேண்டும். தூர் கட்டும் புல் ஒரு மழைக்காலத்தில் வேரூன்றிக் கொள்ளும். அதன்பின் பெரும்பாலும் தானே தன்னைக் காத்துக்கொள்ளும்.

தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒரு புல்லை நடுமுன் மூன்று விஷயங்களை விசாரித்தறிதல் அவசியம்.

முதலாவது, அது தூர் கட்டி ஓரிடத்தில் நிற்கும் புல்லா, அல்லது தரையின் மேல் கொடியோடியோ மண்ணுக்குள் வேர்த்தண்டு ஓடியோ படரும் புல்லா என்பது. தூர் கட்டும் புல்லை நட்ட இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். படரும் புல்லுக்கோ எல்லை கட்டியாக வேண்டும்.

இரண்டாவது, அது முளைக்கும் விதையை ஏராளமாக உதிர்க்குமா என்பது. பஞ்சு போன்ற பூங்கதிரின் அழகைக் கண்டு மயங்குவோர், அப்பஞ்சு விதையைக் காற்றில் சுமந்து செல்வதற்காக அமைந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அது வீட்டுக்கு வேறு எவ்வகையில் பயன்படும் என்பது. தீனி, வேர், வாசனை, மருந்து, கூரை வேய்தல் ஆகிய ஏதேனும் ஒரு பயன் இருந்தால், வீட்டார் அதனைக் கவனித்து வெட்டிப் பராமரிப்பர். பயனற்றது நாளடைவில் புதராகிக் கிடக்கும்.

வெட்டிவேர்

மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கும் திருப்தியான விடை தரும் புற்களில் வெட்டிவேர் முதன்மையானது. உலகின் பல மொழிகளில் இப்புல்லுக்கு வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது. இது நெருக்கமாகத் தூர் கட்டி ஐந்தாறு அடி உயரம் வளரும். இதன் வேர்கள் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேர்கீழாக இறங்குவன. நல்ல மண்ணில் பத்து அடிக்கு மேலும் செல்லும். ஆகவே அருகிலுள்ள செடிகளுடன் இது அதிகமாகப் போட்டியிடுவதில்லை. தென்னாட்டில் வேருக்காகச் சாகுபடி செய்யப்படும் வகை முளைக்கும் விதையை அநேகமாகத் தருவதில்லை. தூர் பிரித்து நட்டாலன்றிப் பெருகாது. களையாக மாறும் என்ற அச்சம் இதனால் இல்லாமற் போகின்றது. வடநாட்டில் நீர்நிலைகளின் ஓரம் தானே முளைக்கும் வகை விதையால் பரவும் இயல்புடையதாகையால், நாற்று வாங்கும்போது தென்னாட்டுச் சாகுபடி வகையையே கேட்டு வாங்குதல் உசிதம். விலாமிச்சை வேரை இதனோடு சிலர் குழப்பிக்கொள்வர். அது துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி; புல்லன்று.

மண்ணைக் காக்கும் இதன் திறமை உலகம் அறிந்தது. பிஜித் தீவில் 1950-களில் சரிவான கரும்பு நிலங்களில் இதனை வரிசையாக நட்டு மண்ணரிப்பைத் தடுத்தனர். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறைகளாக இதனை நில எல்லையில் நட்டு வந்துள்ளனர். 1993-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு இந்த ஒரு புல்லைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. இது வேலை செய்யும் விதம் எளியது. நெருங்கி நிற்கும் விறைப்பான தண்டுகள் ஓடிவரும் நீரை நிறுத்துவதில்லை. அதன் வேகத்தை மட்டும் தணிக்கின்றன. வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலைப் புல் வரிசையின் மேற்பக்கத்திலேயே இறக்கிவிட்டு, தெளிந்து கசிந்து செல்கின்றது. வண்டல் மேலேற மேலேற, புதையும் கணுக்களிலிருந்து புது வேர்கள் விட்டுப் புல்லும் மேலேறும். சில ஆண்டுகளில் அவ்விடம் தானாகவே ஒரு வரப்பாகிவிடும்.

*நடும் முறை:* ஆவணி, புரட்டாசி மாதங்களில் நட்டால், ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். முற்றிய தூரைக் கடப்பாரையால் பெயர்த்து, இரண்டு மூன்று சிம்புகள் உள்ள துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். இலையை ஏழெட்டு அங்குலம் விட்டும், வேரை மூன்று நான்கு அங்குலம் விட்டும் நறுக்கிவிட வேண்டும். மண்ணைத் தடுக்கும் வேலிக்கு ஆறு அங்குலத்திற்கு ஒரு துண்டு வீதம், சரிவுக்குக் குறுக்காக, சம மட்டத்தில் ஒரே வரிசையில் நடுவது முறை. இடைவெளி விடக் கூடாது. ஓரிடத்தில் ஒரு முழம் விடுபட்டாலும் நீர் முழுதும் அவ்விடத்தே கூடிப் பாய்ந்து, முன்னிருந்ததைவிட ஆழமான பள்ளத்தைப் பறித்துவிடும். காய்ந்துபோன துண்டுகளுக்குப் பதிலாக வேறு துண்டுகளைப் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் நட்டு வரிசையை நிரப்புதல் முக்கியம்.

60 அடி நீளமுள்ள வரிசைக்கு 120 துண்டுகள் வேண்டும். துண்டுக்கு மூன்று சிம்புகள் எனக் கொண்டால் மொத்தம் 360 சிம்புகள். தூருக்கு 40 சிம்புகள் கிடைக்குமாயின் ஒன்பது தூர்கள் போதும். ஆதலால் கிராமத்தில் ஒருவர் வளர்த்து வைத்திருந்தால், அடுத்த பருவத்தில் அண்டை வீடுகளுக்கெல்லாம் விலையின்றியே நாற்றுக் கொடுக்கலாம்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தரையிலிருந்து ஓரடி அல்லது ஒன்றரையடி விட்டு வெட்டிவிட்டால் தூர் அடர்த்தியாகும். வெட்டிய இளந்தழையை மாடுகள் தின்னும். முற்றியதை மூடாக்காகவும் தொழுவத்தில் படுக்கையாகவும் கூரைக்கும் உபயோகிக்கலாம். இப்புல்லுக்கு வெயில் வேண்டும். மர நிழலில் நட்டால் மெலிந்து இடைவெளி விழும். முதல் ஆண்டு ஆடு கடிக்காதபடி காத்தல் வேண்டும்.

*வேருக்காக வளர்த்தல்:* ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மண்ணைக் காக்க நட்ட வரிசையிலிருந்து வேரை வெட்டி எடுக்கவே கூடாது. வேர் எடுப்பதற்காக மண்ணைத் தோண்டினால், வேலி எதற்காக வைக்கப்பட்டதோ அந்தக் காரியமே கெட்டுவிடும். வேர் விரும்புவோர் மணற்பாங்கான மேட்டுப் பாத்தியிலோ, மணலும் மட்கிய எருவும் நிரப்பிய கிணற்று உறையிலோ தனியே வளர்க்க வேண்டும். 12 முதல் 18 மாதங்களில் உறையைப் பெயர்த்து வேரைச் சிதையாமல் எடுத்து, அலசி, நிழலில் உலர்த்தலாம். கடலூர் வட்டாரத்தின் கடற்கரை மணலில் இதுவே பணப்பயிராகச் சாகுபடி செய்யப்படுகின்றது. வீட்டுக்குப் பானைத் தண்ணீரில் போடவும், கோடையில் சன்னலுக்குத் தட்டி கட்டவும் ஓர் உறையின் வேரே உபயோகமாகும்.

எலுமிச்சம்புல்

வாசனைப்புல் என்றும் வழங்கும் இது, மூன்று நான்கு அடி உயரத்தில் வளைந்து தொங்கும் இலைகளோடு நீரூற்றுப் போல் தோன்றும். பாதையின் இருமருங்கிலும் வைப்பதற்கு இதனினும் அழகிய புல் அரிது. வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் வகை பூப்பது அபூர்வம். தூர் பிரித்தே நட வேண்டும். கேரளத்தில் தைலத்திற்காகப் பயிரிடப்படும் மலபார் வகை பூத்து விதை தருவது. இரண்டின் தைலத்திலும் பிரதானமான பொருள் சிட்ரால் என்பது. நல்ல தைலத்தில் இது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருக்கும். சோப்பு, வாசனைப் பொருள்கள் முதலியவற்றின் தொழிலில் இதற்குத் தேவையுண்டு.

இரண்டடிக்கு ஒரு தூர்த்துண்டு வீதம் நட்டு, வேர் பிடிக்கும்வரை நீர் விட வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை போதும். நீர் தேங்கும் இடம் ஆகாது, தூர் அழுகிவிடும். நட்ட மூன்று நான்கு மாதங்களில் தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு முதல் அறுவடை செய்யலாம். பிறகு இரண்டு இரண்டரை மாதத்திற்கு ஒரு முறை அறுக்கலாம். இலையின் ஓரம் கூரியது. குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. வாசனையின் காரணமாக ஆடு மாடுகள் இதனைப் பெரும்பாலும் தொடுவதில்லையாதலால், வேலியில்லாத இடத்திற்கு இது ஏற்றது. நான்கைந்து ஆண்டுகளில் தூரின் நடுப்பாகம் பொக்கையாகிவிடும். அப்போது பெயர்த்து, ஓரத்துச் சிம்புகளைப் புதிய இடத்தில் நட வேண்டும்.

கொழுக்கட்டைப் புல்

கொங்கு நாட்டுக் கொரங்காடுகளில் காங்கேயம் மாடுகளை வளர்த்துவரும் புல் இதுவே. கிளுவை வேலியும் வெள்வேல மரமும் சூழ்ந்த அந்த மேய்ச்சல் நிலங்களில், மழைக்குப் பின் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இதன் கதிர்கள் நரிவால் போல் அசைவதைக் கண்டோர், விலை கொடுத்து அயல்நாட்டு அலங்காரப் புல் தேட மாட்டார்கள். கடும் வறட்சியைத் தாங்கும்; ஒரு மழைக்கே துளிர்த்தெழும்; சத்துள்ள தீனி. வீட்டுத் தோட்டத்தின் வெயிலான, நீர் எட்டாத மூலைக்கு இது தக்கது.

புதிதாக எடுத்த விதை உடனே முளைப்பதில்லை. சில மாதங்கள் சேமித்து வைத்த விதையையே ஆடி, ஆவணியில் மேலாகத் தூவி, அரை அங்குலத்திற்கு மேற்படாமல் மண் மூட வேண்டும். கதிர் பழுத்து உதிருமுன் அறுத்துவிடுதல் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் இயல்பாக விளையும் இப்புல்லே, தீனிக்காக 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திற்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கட்டுக்கடங்காமல் பரவித் தீயை வளர்த்து, தீயறியாத பெருங்கள்ளிகளை அழித்து வருகின்றது. ஓரிடத்தில் செல்வமாயிருப்பது வேறோரிடத்தில் கேடாகலாம் என்பதற்கு இது தக்க உதாரணம்.

அறுகும் புற்றரையும்

வாசல் முற்றத்தில் பச்சைக் கம்பளம் போன்ற புற்றரை வேண்டுவோர்க்கு அறுகே போதும். விநாயகர் பூசைக்கும் அது உதவும். ஆனால் வெயில் நாள் முழுதும் படும் இடமாயிருத்தல் வேண்டும். மரத்தடியில் அறுகு தேறாது. நிலத்தை ஓரடி ஆழம் கொத்தி, கல்லும் வேரும் நீக்கி, நீர் பாய்ச்சிப் பத்து நாள் விட்டால் மண்ணில் ஒளிந்திருந்த கோரைக் கிழங்குகள் முளைத்தெழும். அவற்றைக் கிழங்கோடு பறித்து, மறுபடியும் நீர் பாய்ச்சி, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின்பே அறுகு நட வேண்டும். இவ்வேலையில் அவசரப்படுவோர் பின்னர் ஆண்டுக்கணக்கில் வருந்துவர். வீட்டுச் சுவரிலிருந்து நீர் வெளியே வடியுமாறு சிறு சரிவு கொடுத்து, மட்கிய எருவும் மணலும் பரப்பி, வேருள்ள கொடித்துண்டுகளை நான்கு அங்குலத்திற்கு ஒன்றாக நட்டு, உருளையிட்டு அழுத்தி, மாலைதோறும் நீர் தெளித்தால் இரண்டு மாதங்களில் தரை மூடும்.

1977-ல் வெளிவந்த உலகக் களைகளைப் பற்றிய ஆராய்ச்சி நூலொன்றில் கோரை முதலிடத்தையும் அறுகு இரண்டாம் இடத்தையும் பெற்றன என்பதைக் கருதினால், காய்கறிப் பாத்திக்கருகில் அறுகை வைப்பதன் அபாயம் விளங்கும். இடையே செங்கல்லை நிறுத்தி ஓரடி ஆழத்திற்குப் புதைத்து எல்லை கட்டுதல் வேண்டும். நீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் பெரும்பரப்பில் புற்றரை வைத்தல் உசிதமன்று. கோடையில் குடிநீருக்கே கஷ்டப்படும் கிணற்றிலிருந்து புல்லுக்கு இறைப்பது நியாயமாகாது.

கழிவுநீர் செல்லும் இடம்

சமையற்கட்டு நீரும் குளியல் நீரும் தேங்கும் இடத்தில் கொசு பெருகுகின்றது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏழிலிருந்து பத்து நாட்களே போதும். இந்நீரைச் சிறு வாய்க்காலாக வழிமாற்றி, கூழாங்கல்லும் மணலும் பரப்பி, இருமருங்கிலும் வெட்டிவேரும், நடுவில் கல்வாழையும் குடைபோல் இலை விரிக்கும் அலங்காரக் கோரையும் நட்டால், நீர் தேங்காமல் உறிஞ்சப்படும், கண்ணுக்கும் இனிமையாயிருக்கும். இக்குடைக்கோரை, வயலைக் கெடுக்கும் கிழங்குக் கோரையின் உறவாயினும் அதுபோல் கிழங்கு வைப்பதன்று. ஆயினும் விதையால் ஈர நிலத்தில் பரவக்கூடுமாதலால் பூத்தண்டுகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

அழகைக் கண்டு ஏமாறத்தகாத புற்கள்

*நாணல்:* ஆற்றங்கரையில் வெள்ளி போல் பூத்து நிற்கும் நாணலின் அழகை மறுப்பாரில்லை. அதன் பெருமையும் சிறிதன்று. கோயம்புத்தூரில் 1912-ல் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் இக்காட்டு நாணலைத் தோட்டக் கரும்போடு கலந்தே புதுக் கரும்பு வகைகளை உண்டாக்கினர். 1918-ல் வெளிவந்த கோ 205 அவ்வழி வந்தது. அவ்வளவு பெருமையுள்ள புல்லே, மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர்களைப் பிடித்துக்கொண்டு உழவுக்கு உதவாதனவாக்கியது. நாட்டு மாடும் கலப்பையும் அதன் வேரைத் தொட முடியவில்லை. 1949-ல் இந்தியா உலக வங்கியிடம் கடன் பெற்று டிராக்டர்கள் வாங்கியே ஆழ உழுது அந்நிலங்களை மீட்க வேண்டியதாயிற்று. வீட்டுத் தோட்டத்தில் ஒரு தூர் நாணல் வைப்போர் இதனை ஒருகணம் சிந்திப்பாராக.

*தர்ப்பை:* இப்பெயரால் வழங்கும் புற்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் வெண்பட்டுப் போல் கதிர் விடும் சிறு புல், மண்ணுக்குள் ஊசி போன்ற வேர்த்தண்டை ஓட்டிப் பரவும். தீயிட்டால் முன்னிலும் அடர்த்தியாக எழும். சடங்குக்கு வேண்டுமாயின் அடிப்பாகம் இல்லாத சிமெண்டு உறையில் அன்றி, அடிப்பாகம் உள்ள தொட்டியிலேயே வளர்க்க வேண்டும்.

*வரிக் கொறுக்கை:* வெள்ளைக் கோடிட்ட இலைகளோடு பத்தடி உயரம் வளரும். விதையால் பரவாவிடினும், வெட்டி எறிந்த ஒரு துண்டு வேர்த்தண்டு நீரில் மிதந்துபோய் எங்கு ஒதுங்கினாலும் அங்கே தோப்பாகும். கலிபோர்னியாவின் ஆற்றுப்படுகைகள் இதனால் அடைபட்டுக் கிடக்கின்றன.

*அயல்நாட்டுப் பஞ்சுப் புற்கள்:* தென்னமெரிக்கப் பாம்பாஸ் புல்லின் பெருங்கதிர் மிக அழகியது. நியூஸிலாந்தில் அது காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆக்கிரமித்தமையால் அதனைப் பரப்புவதும் விற்பதும் அங்கே தடை செய்யப்பட்டுள்ளன. வட ஆப்பிரிக்காவின் ஊற்றுப் புல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுக்கு அலங்காரத்திற்காகச் சென்று, இன்று எரிமலைப் பாறைகளின் மேலெல்லாம் படர்ந்து தீக்கு இரையூட்டுகின்றது. இதன் செவ்விலை வகை முளைக்கும் விதையை அநேகமாகத் தராததாகையால், தூர் பிரித்த கன்றாக வாங்கித் தொட்டியில் வைக்கலாம். பச்சை இலை வகையை விலக்குக.

தமிழ்நாட்டுக் குடியானவர்க்கு இப்பாடம் புதிதன்று. விறகுக்கெனக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல் ஏரிகளை நிரப்பிற்று. 19-ஆம் நூற்றாண்டில் பூவின் அழகுக்காகத் தோட்டத்தில் நட்ட உண்ணிச்செடி நீலகிரிச் சரிவுகளில் காடாயிற்று. ஊதாப்பூவுக்காகக் குளத்தில் விட்ட ஆகாயத்தாமரை வாய்க்கால்களை அடைத்துக் கொண்டது. நட்டவர் ஒருவர், வெட்டிச் சலித்தவர் ஆயிரவர்.

10 சென்டு மனைக்கு ஒரு திட்டம்

மேற்சொன்னவற்றைக் கொண்டு ஒரு மனையை அமைக்கும் விதம் வருமாறு. மனையின் தாழ்ந்த எல்லை நெடுகிலும் வெட்டிவேர் ஒற்றை வரிசை. கிணற்றைச் சுற்றி, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, மற்றொரு வட்ட வரிசை. வாசலிலிருந்து வீட்டுக்குச் செல்லும் பாதையின் இருபுறமும் எலுமிச்சம்புல். வாசல் முன் வெயில் படும் இடத்தில் ஓரிரு நூறு சதுர அடிக்கு மேற்படாத அறுகுப் புற்றரை, செங்கல் எல்லையுடன். தொழுவத்திற்குப் பின்னுள்ள வறண்ட மூலையில் கொழுக்கட்டைப் புல். கழிவுநீர் வாய்க்காலில் கல்வாழை. வேர் எடுக்க இரண்டு கிணற்று உறைகளில் வெட்டிவேர். இடமிருந்தால் வடமேற்கு மூலையில், சுவருக்கு 15 அடி தள்ளி, மஞ்சள் தண்டில் பச்சைக் கோடோடும் அழகு மூங்கில் ஒரு தூர். இதுவும் தூர் கட்டும் இனமே; ஓடுவதன்று.

சரிவு எப்பக்கம் என்பதை மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு சுற்றிவந்து பார்த்தறிவதே சிறந்த வழி. வெயில் நாளில் கண்ணால் மதிப்பிட்டு நட்டவர்கள் பிழை செய்வதே பெரும்பான்மை.

பராமரிப்பு

இப்புற்களுக்கு அதிக எரு கேடு. இலை பெருத்துச் சாயும். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடியில், தூருக்கு ஒரு கூடை மட்கிய தொழு எரு போதும். மாசி, பங்குனியில் காய்ந்த இலைகளை அறுத்து நீக்கி மூடாக்கிட வேண்டும். தீ வைத்துக் கொளுத்துவது எளிதெனத் தோன்றினும், கூரை வீடும் வைக்கோற்போரும் அருகிலிருக்கையில் அது விபரீதத்தில் முடியும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தூர்களைச் சோதித்து, நடுப்பாகம் காய்ந்தவற்றைப் பிரித்து நட வேண்டும். மண் காக்கும் வெட்டிவேர் வரிசையில் மட்டும் தூரைப் பெயர்க்காது, இடைவெளியை நிரப்பினால் போதும்.

அடர்ந்து சாய்ந்து கிடக்கும் புதரில் எலி தங்கும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகையால் வாயிற்படிக்கும் குழந்தைகள் நடமாடும் இடத்திற்கும் அண்மையில் உயரமான புல் வேண்டாம். மற்ற இடங்களிலும் அடிப்பாகம் வெளிச்சம் புகுமாறு வெட்டிச் சுத்தமாக வைத்திருத்தல் அவசியம்.

பூச்சி நோய்கள் இவற்றுக்குக் குறைவு. காய்ந்த தண்டுகளைக் கறையான் அரிக்கும். அவற்றை அகற்றுவதே பரிகாரம். வெட்டிவேரால் மற்றொரு நன்மையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளில், மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானின் தாய்ப்பூச்சி மக்காச்சோளத்தைவிட வெட்டிவேரில் முட்டையிட விரும்புவதும், அதில் பொரிக்கும் புழுக்கள் பெரும்பாலும் பிழைக்காததும் கண்டறியப்பட்டன.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டிடம் முதலிய பொதுவிடங்களில் அலங்காரப் புல் நடும்போது, நாற்றுப் பண்ணையார் சொல்லும் அழகை மட்டும் நம்பாமல், மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கேட்டபின்பே அனுமதித்தல் வேண்டும். வாய்க்கால் கரையிலும் ஏரியின் கலிங்குக்குக் கீழும் மண் அரிக்கும் இடங்களில் வெட்டிவேர் நடலாம். ஆனால் நீரோட்டத்தின் குறுக்கே, மதகை அடைக்கும்படி நடலாகாது. இவ்விடங்களில் நடுமுன் பாசன அதிகாரிகளைக் கலந்துகொள்வது முறை. வீட்டார் பெயர்த்த வேர்த்தண்டுகளையும் பழுத்த கதிர்களையும் வாய்க்காலில் கொட்டாதவாறு எச்சரிக்க வேண்டும்; அவற்றை வெயிலில் நன்றாக உலர்த்தியபின் எருக்குழியில் இடுவதே பாதுகாப்பு. பள்ளிக்கூடத்துக் கொல்லையில் இரண்டு சென்டு நிலத்தில் வெட்டிவேர் நாற்றங்கால் ஒன்று வைத்தால், ஓராண்டில் கிராமம் முழுமைக்கும் வேண்டிய தூர்கள் அங்கேயே கிடைக்கும்.

வீட்டுத் தோட்டம் வீட்டாருக்கு மட்டும் சொந்தமன்று. அதன் மழைநீர் அடுத்தவர் நிலத்தின் வழியே ஓடுகின்றது. அதன் விதை காற்றில் கீழ்மடை வயலுக்குச் செல்கின்றது. மண்ணையும் நீரையும் தன் எல்லைக்குள் நிறுத்தி, விதையையும் வேரையும் எல்லை தாண்டாமல் காப்பதே நல்ல குடியானவரின் தோட்டம். அத்தகைய தோட்டத்தை இந்த ஆவணியிலேயே தொடங்குவோர், அடுத்த கார்த்திகை மழையில் தம் வாசலிலிருந்து வெளியேறும் நீர் தெளிந்து செல்வதைக் கண்ணாரக் காணலாம். நாற்றுக் கிடைக்கும் இடமும் பிற விவரங்களும் அந்தந்த வட்டாரத்து விவசாய இலாகா காரியாலயத்தில் கேட்டறியத் தக்கன.